கெங்கம்மாள் வேலைக்கு வராத ஞாயிற்றுக்கிழமை

கெங்கம்மாளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் எழுதுகிறேன். அந்த எரிச்சலில் பாதி ஒரு மேனேஜர் மேல், மீதி என் மேலேயே.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் கெங்கம்மாள் இருபத்தொரு வருஷமாக ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மடித்துத் தைக்க வேண்டிய தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் வேலை அது. பிளேடு கொஞ்சம் ஆழமாகப் போனால் தோல் கிழியும். கொஞ்சம் மேலோடு போனால் விளிம்பு தடித்து ஷூவே கோணலாக வரும். அக்கா அளவு பார்த்து நான் கண்டதில்லை. சீவிய துண்டைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள், பெட்டியில் போடுவாள். லைன் சூப்பர்வைசர் கன்னியப்பன் அளவுகோல் வைத்துப் பார்த்தால் மயிரிழை தப்பியிருக்காது.

"உன் கட்டவெரல வெட்டிக் குடுத்துட்டுப் போக்கா, நான் வெச்சுக்கறேன்" என்பார் அவர்.

"ஏற்கெனவே என் ஞாயித்துக்கெழமய வெட்டி வாங்கிக்கினீங்க. வெரலு வேற வேணுமா?" என்பாள் அக்கா. தலையைத் தூக்கக்கூட மாட்டாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் வேர்க்கடலை பிடுங்கப் போனவள், கல்யாணமாகி ஆம்பூர் பக்கம் வந்து கம்பெனி பஸ் ஏறியவள். புருஷன் சம்பத் தோல் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகள் ஜோலார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அக்கா தனியாள். அந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது. நாற்பதைத் தாண்டியவளை எந்த ஷூ கம்பெனியும் கேட்டுக்குள்ளேயே விடாது என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

நான் சைரா. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பி.ஏ. இங்கிலீஷ். அந்தக் கம்பெனியின் பர்சனெல் ஆபீசில் அசிஸ்டென்ட். லீவு லெட்டர், வருகைப் பதிவு, இங்கிலீஷில் வரும் போகும் கடிதங்கள் எல்லாம் என் மேஜை. மேனேஜர் சூரியபிரகாஷ் வாய் நிறைய "சைராம்மா" என்று கூப்பிடுவார். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். எனக்கு அதில் அப்போது ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பித் தொழிலாளர்களை விசாரிப்பார்கள். ஆடிட் என்று அதற்குப் பெயர். வரும் வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் சூரியபிரகாஷ் ஒரு யோசனை பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும், ஒவ்வொரு பெண்ணும் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை நேராக வெள்ளைக்காரர் காதில் போட வேண்டும். வாலன்டரிலி.

"மொழிபெயர்த்துச் சொன்னா பாதிதான் போய்ச் சேரும் சைராம்மா. இவங்க வாயாலயே வரணும். சிரிச்சுட்டே சொல்லணும்" என்றார்.

கேன்டீனில் ஒரு பலகையை நிறுத்தி, தமிழ் எழுத்தில் எழுதி, நூற்றிருபது பெண்களுக்கு அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுத்தேன். பாட்டியாகப் போகிற ஆயிஷாவும், போன மாதம் சேர்ந்தவளும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகக் கோரஸ் பாடினார்கள். கெங்கம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னை ஓரமாக இழுத்தாள்.

"சைரா, அதுக்கு இன்னா அர்த்தம்னு சொல்லவேயில்லியே. தெரியாத ஒண்ண நான் எப்படி வாயால சொல்றது?"

"நம்ம இஷ்டப்பட்டு, யாரும் கட்டாயப்படுத்தாம செய்யறது அக்கா."

"கட்டாயம் இல்லாமயா? சனிக்கெழம சாயங்காலமானா கன்னியப்பன் வந்து, நாளைக்கு ஆறு மணிக்கு பஸ்ஸு, ஏறிக்கோங்கன்றாரே. அது இன்னாவாம்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சரி, இஷ்டப்பட்டு வர்றோம்னே வெச்சுக்கோ. அப்போ இஷ்டம் இல்லன்னா வராம இருக்கலாமா?"

"அர்த்தப்படி பாத்தா இருக்கலாம்."

"ஏன் வரலன்னு யாரும் கேக்கக் கூடாது?"

"கேக்கக் கூடாதுக்கா. காரணம் சொல்லணும்னு அவசியமே இல்ல."

காலேஜில் மார்க் வாங்கிய திமிரில், எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பதை மறந்து, அகராதியைப் பார்த்து ஒப்பிப்பவள் மாதிரி பதில் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

மற்றப் பெண்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ரெண்டே நாளில் அந்த வார்த்தையை எங்கே போட வேண்டுமோ அங்கே போட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்பவள், "நான் வாலன்டரிலி நிக்கிறேன்" என்பாள். கேன்டீன் சாம்பாரைத் தூக்கி ஊற்றினால் பருப்பு தேட வேண்டியிருக்கும். "வாலன்டரிலி துன்னுடி" என்பாள் பக்கத்தில் இருப்பவள். மாமியாருக்கு ராத்திரியெல்லாம் கால் பிடித்துவிட்டு வந்தவளைப் பார்த்து லைனே கோரஸாக வாலன்டரிலி என்று கத்தும். மறுக்க வழியில்லாத எல்லாமே வாலன்டரிலி. எங்கள் புரொபசர் சொல்லிக்கொடுக்காத பிரயோகம், ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அதுதான் சரியான பிரயோகம். கெங்கம்மாள் ஒருத்திதான் நான் சொன்ன அர்த்தத்தை நம்பினாள்.

ஆடிட் அன்று வெள்ளைக்காரர் அவள் மெஷினுக்கு முன்னால் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறீர்களா, எப்படி வருகிறீர்கள் என்று கேட்டார்.

"வாலன்டரிலி" என்றாள் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார். அக்கா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "எழுதிக்கினாரா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டார்மா."

"நல்லா அழுத்தி எழுதிக்கச் சொல்லு சார்."

எழுதியாகிவிட்டது, வெளிநாட்டுக்காரன் நோட்டில் ஏறிவிட்டது, இனி அது சட்டம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். போகவில்லை.

திங்கட்கிழமை காலை அவளை மெஷினில் உட்கார விடாமல் நேராக மேனேஜர் அறைக்கு அழைத்து வந்தார்கள். கன்னியப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார். குறிப்பெடுக்க நான்.

"என்னம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் சூரியபிரகாஷ்.

"இல்ல சார்."

"சாவு, கல்யாணம்?"

"இல்ல சார்."

"உங்க ஊர்ப் பக்கம் கோயில்ல ஏதோ கடைஞாயிறுன்னு விழா பண்ணுவாங்களே, அதுக்குப் போனீங்களா?"

"அது கார்த்திகைல சார். இன்னும் மூணு மாசம் கெடக்குது."

"பின்ன என்னதான் பண்ணீங்க?"

"துணி தொவச்சேன். கறி எடுத்தாந்து கொழம்பு வெச்சேன். மத்தியானம் படுத்துத் தூங்குனேன் சார். நல்லா தூங்குனேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் முகம் மாறியது. சாவு என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். ஒரு தொழிலாளி காரணமே இல்லாமல் தன் வீட்டில் படுத்துத் தூங்கினாள் என்பதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார். 'இந்த ஞாயிற்றுக்கிழமை வாலன்டரிலி வேலைக்கு வர ஒப்புக்கொள்கிறேன்' என்று இங்கிலீஷில் அச்சடித்த படிவம். தேதி போட்டிருந்தது. கீழே கெங்கம்மாள் கையெழுத்து.

இதை விளக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ஸ்வீட் பாக்கெட் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்க வேண்டும். மேஜை மேல் ஆளுக்கு ஒரு கத்தை, வருஷத்து ஞாயிறு அத்தனைக்கும் ஒவ்வொரு தாள், தேதி போடாமல். பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்கள், பஸ்காரன் ஹாரன் அடிப்பான், யாரும் படிக்க மாட்டார்கள். பாக்கெட் வாங்கியதற்குக் கையெழுத்து என்றுதான் பாதிப்பேர் நினைப்பு. தாள் தாளாகத் திருப்பிக் கொடுத்தவள் நான். பிறகு வாராவாரம் தேதியை நிரப்பியவளும் நான்.

"நீங்களே இஷ்டப்பட்டு வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டு, வரல. இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றார் சூரியபிரகாஷ்.

அக்கா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் குறிப்பு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னொரு தாளை நகர்த்தினார். அன்று காலை நான் டைப் அடித்தது.

"இன்னா எழுதியிருக்குது? படி சைரா" என்றாள்.

"உங்க இஷ்டத்துல, வாலன்டரிலி, வேலைய ராஜினாமா பண்றீங்கன்னு இருக்குதுக்கா."

"இதுலயுமா அந்த வார்த்த?" அக்காவின் குரல் அறைக்கு வெளியே கேட்டது. தையல் மெஷின் ரெண்டு மூணு நின்றன. "எனக்கு இஷ்டம் இல்லியே சார். இருபத்தோரு வருஷம் சீவுன கையி. இன்னும் பன்னெண்டு வருஷம் சீவும். இஷ்டம் இல்லாதத இஷ்டம்னு எழுதுனா அது பொய்யி. நான் போட மாட்டேன். வேணும்னா நீங்க தொரத்துங்க, தொரத்துனேன்னு எழுதிக் குடுங்க, வாங்கிக்கினு போறேன்."

துரத்தினேன் என்று எழுதிக் கொடுக்க எந்தக் கம்பெனிக்குத் தைரியம் இருக்கிறது? அவர் பேனாவை மூடினார். "சைராம்மா, ஐடி கார்டை வாங்கிக்கோங்க" என்றார்.

நான் கையை நீட்டினேன். கழுத்துக் கயிறு அவள் கொண்டையில் சிக்கிக்கொண்டது. அவளே நிதானமாக எடுத்து என் கையில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து கம்பெனி பஸ் அவளை ஏற்றவில்லை. டவுன் பஸ் பிடித்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். எட்டு மணிக்கு வருவாள், ஐந்து மணிக்குப் போவாள், டிபன் பாக்ஸை அங்கேயே பிரித்துச் சாப்பிடுவாள். ஆறு நாள். வாட்ச்மேன் ஸ்டூல் கொடுத்தால் வேண்டாம் என்றாளாம். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தெரிவாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வேலை பார்த்தேன்.

ஏழாம் நாள் அவள் வரவில்லை. சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, வேலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கப் போயிருந்தாள். அங்கிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. சூரியபிரகாஷ் சொல்லச் சொல்ல நான் ஒரு வாக்குமூலம் டைப் அடித்தேன். திங்கட்கிழமை காலை கெங்கம்மாள் என் மேஜைக்கு வந்ததாகவும், வேலையை வாலன்டரிலி விடுவதாகச் சொல்லி ஐடி கார்டை அவளாகவே ஒப்படைத்ததாகவும், அதை நேரில் கண்ட சாட்சி சைரா என்றும்.

"ஒரு சைன் போட்டுடுங்க சைராம்மா" என்றார். ஃபேனைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்கிற குரல்தான். அவ்வளவுதான் சொன்னார். மேஜையில் டீ இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடித்தபோது அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

விசாரணை நாளில் என்னையும் காரில் ஏற்றி வேலூருக்கு அழைத்துப் போனார். அக்கா முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். நான் மேனேஜர் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அதிகாரி என் வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, "நேர்ல பாத்த சாட்சி இருக்குதேம்மா. நீங்களா விட்டுட்டீங்கன்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நான் கையை இறுக்கிக்கொண்டேன். திட்டியிருக்கலாம். அவள் மேஜையைப் படாரென்று அடித்தாள். அடித்தது சூரியபிரகாஷைப் பார்த்து.

"அந்தப் பொண்ணு கையெழுத்த அடிச்சுப் போடுங்க சார்! அவ நல்ல பொண்ணு. படிச்ச பொண்ணு. இந்த ஆளு அவள மெரட்டி வாங்கியிருக்கான். இன்னா பண்ணான் பாத்தீங்களா, வயசுப் பொண்ண மெரட்டியிருக்கான்! எங்கிட்ட வாங்க முடியல, அவகிட்ட வாங்கிட்டான். கேளுங்க சார் அவள. கேளுங்க!"

சூரியபிரகாஷ் வெளுத்துப்போனார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"உண்மையாம்மா? மிரட்டினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அக்காவுக்கு வேலை கிடைத்துவிடும், நான் பாவப்பட்ட பொண்ணாகவே வீட்டுக்குப் போகலாம். அக்கா அந்த வார்த்தையை எனக்காகத் தட்டில் வைத்து நீட்டியிருந்தாள். இல்லை என்றால் அவள் ஒழிந்தாள். எனக்கு வந்தது பயமில்லை, அவமானம். இந்த மனுஷி இஷ்டத்துக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டு, நான் சொன்னதை நம்பி, அதற்காகத் தெருவில் நின்றவள். அவள் முன்னால் இன்னொரு பொய்யா?

"மெரட்டல சார்" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"யாரும் என்ன மெரட்டல. போடுங்கன்னாரு, போட்டுட்டேன். ஆனா அதுல இருக்கறது அத்தனையும் பொய்யி. அக்கா வேலைய விடல. ஐடி கார்ட நான்தான் கேட்டு வாங்கினேன், இவர் சொல்லி. ராஜினாமா லெட்டர் அக்கா வர்றதுக்கு முன்னாடியே நான் டைப் அடிச்சு வெச்சுட்டேன். ஞாயித்துக்கெழம ஃபாரம் எல்லாம் ஒரே நாள்ல கையெழுத்து வாங்குனது. தேதி எல்லாம் என் கையெழுத்துல இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க."

சூரியபிரகாஷ் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கால் மணி நேரம் யாரிடமோ பேசினார். திரும்பி வந்தபோது பழையபடி சிரித்த முகம். "ஒரு தவறான புரிதல் சார்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் காலில் கிடப்பதைக் கழற்றி அடிக்கலாம் போலிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமையே கெங்கம்மாளை அதே மெஷினில், அதே சர்வீஸில் சேர்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் கேட்க மாட்டோம் என்றும் அதிகாரி எழுத வைத்தார். அக்கா ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூரியபிரகாஷ் சொல்ல, என் வேலை அந்த வராந்தாவிலேயே போய்விட்டது. அதற்காக நான் அழவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அக்கா தனியாக நின்றிருந்தாள். கிட்டே போனேன். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

"சைரா, நெசமாவே அவன் மெரட்டலியா?"

"இல்லக்கா."

"வேலய விட்டு எடுத்துடுவேன்னு சொன்னானா?"

"சொல்லல."

"வூட்ல எதுனா கஷ்டமா? உங்க அப்பாவுக்கு உடம்பு கிடம்பு?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்காரு."

"அப்புறம் ஏண்டி போட்ட?"

அவள் கத்தவில்லை. கோபம் கண்ணில் இருந்தது, ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். என் பதிலுக்காகக் காத்து நின்றாள். எனக்குத் தெரிந்த ரெண்டு பாஷையிலும், வீட்டில் பேசும் உருதுவிலும் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆம்பூர் பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். எனக்கும் ஆம்பூர்தான் போக வேண்டும். நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.